விஞ்ஞானிகளுக்கு யோசனை வருவது பெஞ்சிலா, படுக்கையிலா?

நிலவன்_கோவை:

வணக்கம். கரிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஒரே வினையில் பல மாதங்களாக முட்டிக்கொண்டு நிற்கிறேன். லேபில் ஆளுக்கொரு அறிவுரை. சீனியர் ஒருவர், "பெஞ்சை விட்டு நகராதே, கை ஓடிக்கொண்டே இருந்தால்தான் மூளைக்கு வழி தெரியும்" என்கிறார். கூடப் படிக்கும் நண்பன், "ஊருக்குப் போய் நாலு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு வா, கெக்குலேவுக்குப் பென்சீன் வளையமே கனவில்தான் வந்தது" என்கிறான்.

பென்சீன் மூலக்கூறு வளைய வடிவம் என்று சொன்ன ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலேவின் கதையைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். கனவில் ஒரு பாம்பு தன் வாலைத் தானே கவ்வி வளையமாகச் சுழன்றது என்று அவர் சொன்னது 1890-இல், பெர்லினில் அவருக்கு நடந்த பாராட்டு விழாவில். பென்சீன் கட்டுரை வெளிவந்தது 1865-இல். கால் நூற்றாண்டு கழித்துச் சொன்ன கதை. அதே பேச்சில் "கனவு காணக் கற்றுக்கொள்வோம்" என்றவர், விழித்திருக்கும் அறிவு சோதித்துப் பார்க்கும்வரை கனவுகளை வெளியிடாமல் இருப்போம் என்றும் சேர்த்தே சொன்னார். அந்தப் பின்பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஒரு விஞ்ஞானியின் மனதில் புது யோசனை நிஜமாகவே எப்படி உருவாகிறது? ஆய்வு நோட்டு, கடிதம், உளவியல் சோதனை என்று ஏதாவது பிடிமானத்தோடு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கலைவாணி_உடலியங்கியல்:

நிலவன் தம்பி, கனவுக் கதைகளில் எனக்குப் பிடித்தது ஓட்டோ லோவியுடையது. மருத்துவ மாணவர்களுக்கு நரம்பு மண்டலம் எடுக்கும்போது வருடா வருடம் சொல்வேன். ஆனால் பாடப்புத்தகப் பெட்டிச் செய்தியில் வருவது போலப் பாதியில் நிறுத்த மாட்டேன்.

லோவி ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர். நரம்பு இதயத்துக்குச் செய்தி சொல்வது மின்சாரத்தாலா, ஏதாவது வேதிப்பொருளாலா என்பது அன்றைக்குத் தீராத கேள்வி. 1920 ஈஸ்டருக்கு முந்தைய இரவு தூக்கத்திலிருந்து எழுந்து, ஒரு துண்டுத் தாளில் எதையோ கிறுக்கிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்தே தனக்குப் படிக்க முடியவில்லை. அந்த நாள் முழுவதும் தவித்தார். அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. இந்தத் தடவை தாளைத் தேடவில்லை, நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு தவளை இதயங்களைத் தனியே எடுத்து, இரண்டிலும் ரிங்கர் உப்புக்கரைசலை நிரப்பித் துடிக்க வைத்தார். ஒன்றில் வேகஸ் நரம்பு ஒட்டியிருந்தது, மற்றதில் இல்லை. முதல் இதயத்தின் வேகஸைச் சில நிமிடங்கள் மின்சாரத்தால் தூண்டியதும் துடிப்பு மந்தமானது. அந்த இதயத்துக்குள் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்குள் விட்டார். நரம்பே இல்லாத அதுவும் அப்படியே மந்தமானது. கரைசலோடு ஏதோ ஒரு பொருள் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? 1921-இல் கட்டுரை வந்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பிறகு உறுதியானது. 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு.

பெட்டிச் செய்தி இத்தோடு முடிந்துவிடும். அதற்கு முன்னால் நடந்ததை லோவியே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நரம்பு முனையில் வேதிப்பொருள் இருக்கலாம் என்ற எண்ணம் 1903-இலேயே ஒரு நண்பருடன் பேசும்போது அவருக்கு வந்தது. சோதிக்க வழி தெரியாததால் மனதின் அடியில் போய்விட்டது. 1918-இல் வேறொரு கேள்விக்காக, இதயம் தன்னுள் இருக்கும் கரைசலில் ஏதாவது பொருளை வெளியிடுகிறதா என்று பார்ப்பதற்காக, இதே தவளை இதய உத்தியைப் பயன்படுத்தியிருந்தார். ஆக, கேள்வியும் அவரிடம் இருந்தது, கருவியும் அவரிடம் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் கிடந்தன. அந்த இரவு செய்தது சந்திக்க வைத்ததைத்தான். நரம்பு அறிவியலும் தவளை இதயமும் தெரியாத ஒருவர் ஆயிரம் இரவு தூங்கினாலும் அந்தச் சோதனை கிடைத்திருக்காது.

இன்னொன்றும் சொல்கிறார், எனக்கு அதுதான் உளவியல் ரீதியாக முக்கியமாகப் படுகிறது. பகலில் நிதானமாக யோசித்திருந்தால் அந்தச் சோதனையை வேண்டாம் என்று தள்ளியிருப்பாராம். நரம்பு அப்படியே ஒரு பொருளை வெளியிட்டாலும், அது கரைசலில் மிஞ்சிக் கிடக்கும் அளவுக்கு வெளியிடும் என்று நம்பக் காரணமே இல்லை. தூக்கக் கலக்கம் அவருக்குப் புது அறிவு எதையும் தரவில்லை. வாசலில் நின்று "இது நடக்காது" என்று சொல்லும் ஆளைச் சற்று நேரம் அப்புறப்படுத்தியது.

ராகவன்_திருச்சி:

கலைவாணி மேடம் சொன்னதற்குப் பொருத்தமாகக் கணிதத்தில் ஒரு சாட்சி உண்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்றி புவன்காரே 1908-இல் பாரிஸில் உளவியல் சங்கத்தில் ஆற்றிய உரை. தன் மனம் வேலை செய்த விதத்தை ஒரு பெரிய கணித மேதையே உட்கார்ந்து விவரித்தது அபூர்வம்.

அவருக்கு வயது இருபத்தாறு இருக்கும், கான் நகரில் ஆசிரியர். ஒரு வகைக் கணிதச் சார்புகள் (functions) இருக்கவே முடியாது என்று நிரூபிக்கப் பதினைந்து நாட்கள் முயன்றார். தினமும் மேசையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பல சேர்க்கைகளைப் போட்டுப் பார்த்தார், எதுவும் நடக்கவில்லை. ஒரு மாலை வழக்கத்துக்கு மாறாகப் பால் கலக்காத காப்பி குடித்தார், தூக்கம் வரவில்லை. யோசனைகள் கூட்டமாக எழுந்து ஒன்றோடொன்று மோதின. விடிவதற்குள், இருக்கவே முடியாது என்று நினைத்த அந்தச் சார்புகளில் ஒரு வகை இருக்கிறது என்று நிறுவிவிட்டார்.

பிறகு சுரங்கக் கல்லூரி ஏற்பாடு செய்த ஒரு நிலவியல் பயணம். கணிதத்தை மறந்தே போனார். கூட்டான்ஸ் ஊரில் குதிரை வண்டியில் ஏறப் படியில் காலை வைத்த கணத்தில், தான் பயன்படுத்திய உருமாற்றங்களும் யூக்ளிடல்லாத வடிவியலின் (பள்ளியில் படிக்கும் யூக்ளிட் வடிவியலிலிருந்து மாறுபட்டது) உருமாற்றங்களும் ஒன்றுதான் என்பது பளிச்சென்று தெரிந்தது. உடனே சரிபார்க்கவில்லை. வண்டியில் ஏறி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். ஊர் திரும்பிய பிறகு நிதானமாகச் சரிபார்த்தார். இது வெறும் அலங்காரக் கதை அல்ல. 1880-இல் அவர் பிரெஞ்சு அறிவியல் அகாடமிக்கு அனுப்பிய துணைக் கட்டுரைகள் ஆவணக் காப்பகத்திலிருந்து பின்னால் கிடைத்தன, அவற்றில் யூக்ளிடல்லாத வடிவியல் வருகிறது.

ஆனால் அந்த உரையின் சாரம் வண்டிப் படி அல்ல. நனவிலி மனம், அதாவது நாம் அறியாமலே இயங்கும் மனம், வேலை செய்யும், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நனவோடு உழைத்தால்தான் அது பலன் தரும் என்கிறார். முன்னால் உழைக்காவிட்டால் எந்திரமே ஓடாது. பின்னால் உழைக்காவிட்டால் வந்தது சரியா என்று தெரியாது. பளிச்சென்று வரும்போது கூடவே வரும் அந்த அசைக்க முடியாத நிச்சய உணர்வு தன்னைப் பலமுறை ஏமாற்றியிருக்கிறது, அதுவும் காலையிலோ இரவிலோ படுக்கையில் அரைத்தூக்கத்தில் வந்த யோசனைகளில்தான் அதிகம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நிலவன், உங்கள் நண்பரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எதூவார் துலூஸ் என்ற மனநல மருத்துவர் புவன்காரேயை நேரில் ஆராய்ந்து 1910-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவருடைய வேலை நேரம் இருக்கிறது: காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 7. அவ்வளவுதான். ஆனால் தவறாமல்.

சேரன்72:

எல்லாரும் ஐரோப்பாவையே சுற்றி வருகிறீர்கள். நம்முடைய இராமானுஜன் என்ன சொன்னார்? நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டினாள் என்றார். உங்கள் "முன் உழைப்பு, பின் உழைப்பு" கணக்கில் அவர் எங்கே வருகிறார்? சில மனங்களுக்கு நேரடியாகவே வாசல் திறக்கிறது, நமக்குத் திறப்பதில்லை. அதை மனமார ஏற்றுக்கொள்வதில் என்ன தயக்கம்?

ராகவன்_திருச்சி:

சேரன் ஐயா, அவருடைய பக்தியில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தாயார் கொடுத்தாள் என்று அவர் சொன்னதை அவர் மனம் உணர்ந்த உண்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாசலுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்த காலத்தையும் பார்க்க வேண்டும்.

கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்தபோது, 1903 வாக்கில், கார் என்பவர் தொகுத்த கணித நூல் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகள், நிரூபணம் பெயருக்குத்தான். ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்த்தார். தாள் வாங்கக் காசு இல்லை. மணிக்கணக்காகச் சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையாலேயே அழிப்பார், கடைசி முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். நமக்குக் கிடைத்தது அந்த நோட்டு. வழி முழுவதும் சிலேட்டோடு அழிந்துவிட்டது. முடிவை மட்டும் பார்க்கிறவருக்கு அது வானத்திலிருந்து விழுந்தது போலத்தான் இருக்கும்.

1729 கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு இவரைப் பார்க்க வந்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண்ணைச் சொன்னார், இவர் படுக்கையிலிருந்தே "இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்" என்றார். கணநேரப் பொறி என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் இங்கிலாந்து போவதற்கு முன்பே ஊரில் எழுதிய நோட்டில் அந்தச் சமன்பாட்டைப் பற்றி வேலை செய்திருக்கிறார், 1729 அதில் எடுத்துக்காட்டாகவே இருக்கிறது. பல வருடப் பழக்கம் உள்ள எண் அது அவருக்கு.

கூடவே இருந்து வேலை செய்த ஹார்டி சொன்னது: பொதுமைப்படுத்தும் ஆற்றல், வடிவத்தை உணரும் நுட்பம், தன் ஊகத்தைச் சட்டென்று மாற்றிக்கொள்ளும் திறமை, இந்த மூன்றும் அவரிடம் திகைக்க வைக்கும் அளவில் சேர்ந்திருந்தன. எண்களைப் போட்டுப் பார்த்து அதிலிருந்து பொது விதியை ஊகிப்பதை மற்றக் கணிதவியலாளர்களைவிட மிக அதிகமாகச் செய்தார். பகா எண்கள் பற்றி அவர் எழுதி அனுப்பிய முடிவுகளில் சில தவறாகவும் போயின. இதையெல்லாம் சொல்வதால் அவர் மேதைமை குறையவில்லை ஐயா. அந்த இளைஞனின் உழைப்பைத் தாயாரின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டால் அவருக்குத்தான் அநியாயம்.

சேரன்72:

சிலேட்டு விஷயம் மனதைத் தொட்டது, தம்பி. உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கார் நூலை வேறு எத்தனையோ மாணவர்களும் புரட்டியிருப்பார்கள் அல்லவா? உழைப்பு மட்டும் போதுமென்றால் ஊருக்கு ஒரு இராமானுஜன் இருக்க வேண்டும்.

உமையாள்_உளவியல்:

சேரன் ஐயா கேட்ட கேள்விக்கு உளவியலில் முழு விடை கிடையாது. எந்தச் சேர்க்கையைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்ற தெரிவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. புவன்காரே அதை அழகுணர்ச்சி என்றார்: நனவிலியில் உருளும் எண்ணற்ற சேர்க்கைகளில் அழகானவைதான் மேலே வரும், மற்றவை அப்படியே அமிழ்ந்துவிடும். அந்த ருசி எப்படி ஊறுகிறது என்பது இன்றும் திறந்த கேள்வி.

நிலவன் கேட்ட தூக்கம் பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 2004-இல் ஜெர்மனியின் லூபெக்கில் ஒரு சோதனை செய்தார்கள். எண் வரிசைக் கணக்கு ஒன்று, அதற்குள் சொல்லப்படாத ஒரு குறுக்குவழி ஒளிந்திருக்கும். முதலில் எல்லாருக்கும் பயிற்சி. பிறகு ஒரு கூட்டம் எட்டு மணி நேரம் தூங்கியது, மற்றவர்கள் விழித்திருந்தார்கள். குறுக்குவழியைக் கண்டுபிடித்தவர்கள் தூங்கியவர்களில் இருமடங்குக்கும் மேல். ஆனால் பயிற்சியே இல்லாமல் தூங்கியவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. லோவி கதையில் கலைவாணி அக்கா சொன்னதும் இதுதான்.

2021-இல் பாரிஸில் அதே மாதிரிக் கணக்கை வைத்து இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். கையில் ஒரு பொருளைப் பிடித்தபடி சாய்ந்து உட்கார வேண்டும், கண் அசந்தால் அது விழுந்து எழுப்பிவிடும். தூக்கத்தின் முதல் படியில் குறைந்தது 15 விநாடி இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் குறுக்குவழியைப் பிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். அடுத்த படிக்கு, கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டவர்களில் 14 சதவீதம்தான். இது சோதனைச் சாலைப் புதிர் என்பதை மறக்கக் கூடாது. மாதக்கணக்கில் இழுக்கும் ஆய்வுச் சிக்கலுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது.

நிஜ விஞ்ஞானிகளை வைத்தும் 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. இயற்பியலாளர்களையும் எழுத்தாளர்களையும் தினமும் தங்கள் முக்கியமான யோசனை எப்போது வந்தது என்று குறித்துவைக்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒரு பங்கு வேறு வேலையாக இருக்கும்போது, மனம் வேறெங்கோ அலையும்போது வந்தது. முட்டுச்சந்திலிருந்து வெளியே வந்த யோசனைகள் அந்தப் பங்கில் கூடுதலாக இருந்தன. சரி, மீதி ஐந்தில் நான்கு? அவை அப்படி மனம் அலையாத வேளைகளில் வந்தவை. அதைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது கெவின் டன்பார் என்ற உளவியலாளர் செய்த வேலை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களுக்குப் போய், வாராந்தரக் குழுக் கூட்டங்களை ஒலிப்பதிவு செய்தார். வந்த முடிவுகளில் பாதிக்கு மேல் யாரும் எதிர்பார்க்காதவை. முதலில் எல்லாரும் செய்முறையில்தான் பழி போட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தபோதுதான் கோட்பாட்டைச் சந்தேகித்தார்கள். வழி திறந்த இடங்கள் பல, தனியே பெஞ்சில் அல்ல, அந்தக் கூட்டத்தில் ஒருவர் இடைமறித்துக் கேட்ட கேள்வியில் இருந்தன. கொஞ்ச நாள் கழித்து அந்த விஞ்ஞானிகளிடமே கேட்டால், எந்த ஒப்புமை (இதேபோல வேறிடத்தில் நடந்ததோடு ஒப்பிட்டது) தங்களுக்குக் கைகொடுத்தது என்பது அவர்களுக்கு நினைவில் இல்லை. ஒலிநாடாவில் இருக்கிறது, மனதில் இல்லை. பொறி தட்டிய கதைகள் இவ்வளவு பெருகியதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: படிக்கட்டுகள் மறந்துபோகும், மாடி நினைவிருக்கும்.

யாழினி_ஒளியியல்:

உமையாள் சொன்ன "எதிர்பார்க்காத முடிவு" பற்றி நம் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது: ராமன் விளைவு. பள்ளியில் படித்தது கப்பல், நீலக்கடல், நோபல் பரிசு. கப்பலுக்கும் கண்டுபிடிப்புக்கும் நடுவில் ஏழு வருடங்கள் இருக்கின்றன.

சி. வி. ராமன் 1921-இல் இங்கிலாந்து போய்த் திரும்பும்போது, 'நர்குண்டா' கப்பல் தளத்தில் நின்று நிக்கோல் பட்டகம் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) வழியாகக் கடலைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். பட்டகத்தைத் திருப்பி, மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை மறைத்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நிறம் தண்ணீரே சிதறடிக்கும் ஒளி. கப்பல் பம்பாய்த் துறைமுகம் வந்ததும் நேச்சர் இதழுக்குக் கடிதம்.

பிறகு கல்கத்தா பௌபஜார் தெரு ஆய்வகத்தில் மாணவர்களோடு ஒவ்வொரு திரவமாகச் சிதறலை அளந்தார்கள். 1923-இல் கே. ஆர். ராமநாதன் தண்ணீரில் நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றைக் கவனித்தார். இருக்கவே கூடாத ஒளி. அழுக்கு என்று நினைத்தார்கள், அதுதான் நியாயமான சந்தேகம். திரவத்தைத் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தார்கள். ஒளி போகவில்லை. அதை "மங்கலான ஒளிர்வு" என்று குறித்தார்களே தவிர, தூக்கிப் போடவில்லை. 1925-இல் கே. எஸ். கிருஷ்ணனும் பார்த்தார். 1928 ஜனவரியில் வெங்கடேஸ்வரன் கிளிசரினில் பார்த்தது நல்ல தளவிளைவோடு (ஒளி ஒரே தளத்தில் அதிர்வது) இருந்தது. சாதாரண ஒளிர்வு அப்படி இருக்காது. அதற்குச் சற்று முன்புதான், எக்ஸ் கதிர் சிதறும்போது அதன் அலைநீளம் மாறுவதைக் கண்ட காம்ப்டனுக்கு நோபல் அறிவித்திருந்தார்கள். எக்ஸ் கதிரில் நடப்பது போன்ற ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் நடக்கலாமே என்ற எண்ணம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பிப்ரவரி 28-இல் நிறமாலைமானியில் கோடுகள் தனியே தெரிந்தன.

இதில் எந்தக் கணத்தைப் பொறி என்பது? என் பார்வையில் படைப்பாற்றல் என்பது அந்த மங்கலான ஒளியை ஐந்து வருடம் நோட்டில் உயிரோடு வைத்திருந்தது. பெயர் தப்பாக வைத்திருந்தாலும் கைவிடவில்லை. நிலவன், உங்கள் வினையில் "அழுக்கு" என்று ஒதுக்கிவைத்தது ஏதாவது இருக்கிறதா?

நிலவன்_கோவை:

இருக்கிறது அக்கா. டி.எல்.சி. பிளேட்டில் (கலவையில் உள்ள பொருட்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தகடு) எனக்கு வேண்டிய ஸ்பாட்டுக்குக் கீழே ஒரு மங்கலான ஸ்பாட். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, யு.வி. விளக்கில் வைத்தால் நீலமாக ஒளிரும். சால்வென்ட்டை (கரைப்பானை) புதிதாக வடித்தேன், வேறு கம்பெனி வினைபொருள் வாங்கினோம், அப்போதும் வருகிறது. பிரிகுழாயில் (column) பிரித்து அந்தப் பகுதியைத் தனியே ஒரு குப்பியில் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஈல்டு (வேண்டிய பொருள் கிடைக்கும் அளவு) குறைவதும் இது வருவதும் சேர்ந்தே நடக்கிற மாதிரி நோட்டில் தெரிகிறது. லேபில் இதைப் பற்றிப் பேசியதில்லை, குழுக் கூட்டத்தில் நல்ல முடிவுகளை மட்டும்தான் காட்டுவோம்.

உமையாள்_உளவியல்:

அந்தப் பிளேட்டைத்தான் கூட்டத்துக்கு எடுத்துப் போக வேண்டும். வேறு வகை வினையில் வேலை செய்கிற ஒருவர் இருந்தால் அவர் பக்கத்தில் உட்காருங்கள். டன்பார் பார்த்ததில், எல்லாரும் ஒரே பின்னணியிலிருந்து வந்த குழுக்களைவிட, கலந்த பின்னணி உள்ள குழுக்கள்தான் சிக்கலிலிருந்து எளிதாக வெளியே வந்தன.

சேரன்72:

தம்பி, ஊருக்குப் போவதானால் அதற்கு அப்புறம் போங்கள். கேள்வியை மனதில் ஏற்றிக்கொண்டு போய்த் தூங்குங்கள்.

கலைவாணி_உடலியங்கியல்:

சேரன் ஐயா சொல்வது சரி. லோவி பற்றி விட்டுப்போன ஒன்று. 1921 சோதனையைத் திரும்பச் செய்தவர்கள் பலருக்கு அது வரவில்லை, தவளை இனமும் பருவமும் வெப்பநிலையும் ஒத்துவர வேண்டியிருந்தது. பல வருடம் சந்தேகத்தைத் தாங்கி, 1926-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் எல்லார் கண்முன்னும் செய்துகாட்டினார். 1938-இல் நாஜிகள் அவரைச் சிறையில் போட்டபோது, உயிர் தப்புமா என்று தெரியாத நிலையில், காவலரிடம் ஒரு அஞ்சலட்டை கேட்டு வாங்கித் தன் கடைசி ஆய்வு முடிவை எழுதி ஒரு ஜெர்மன் அறிவியல் இதழுக்கு அனுப்பினார். அந்த முடிவு தன்னோடு போய்விடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

நிலவன், குப்பியில் இருப்பதற்கு மாஸ் (மூலக்கூறின் நிறையை அளக்கும் சோதனை) எடுத்தாயிற்றா? எடுக்கவில்லையென்றால் அழுக்கு என்று லேபிள் ஒட்டாமல் முதலில் அதைக் கொடுங்கள். நிறை என்ன வருகிறது என்று இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.

நிலவன்_கோவை:

எடுக்கவில்லை மேடம். நாளை காலை கருவி நேரம் பதிவு செய்கிறேன். பிளேட்டின் படத்தையும் நிறையையும் சேர்த்தே போடுகிறேன்.